முப்பத்தெட்டாவது ஃபைல்

1. லேபிள் வராத காலை

பொத்தானை அழுத்தினேன். பிரிண்டர் அசையவில்லை. திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்து, ஏதோ ஒரு ஃபைலையோ அதைச் சார்ந்த ஒன்றையோ ஏற்ற முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. எனக்கு அந்த ஆங்கிலம் முழுசாகப் படிக்க வராது. ஆனால் 'முடியவில்லை' என்பது எந்த மொழியில் வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

இடம் வில்பட்டி. விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்துகிற பூண்டுக் கொட்டகை. பூண்டைத் தரம் பிரித்து, மூட்டை கட்டி, ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு லேபிள் ஒட்டி லாரியில் ஏற்றுவார்கள். லேபிளில் விவசாயியின் பெயர், தரம், எடை, அடியில் கோடு கோடாக ஒரு பார்கோடு. மலைக்குக் கீழே சரக்கை இறக்குகிறவர்கள் அந்தக் கோட்டை மெஷினில் காட்டித்தான் மூட்டையை உள்ளே விடுவார்கள். லேபிள் இல்லாத மூட்டை லாரியிலேயே கிடக்கும். அந்த லேபிளை அடிக்கும் சாப்ட்வேர் எங்கள் கம்பெனி செய்தது. புது வெர்ஷன் வரும்போதெல்லாம் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுக்கொடுப்பது என் வேலை.

கொட்டகைப் பொறுப்பாளர் முத்துக்காளை எனக்கு மாமா முறை. எனக்கும் ஊர் வில்பட்டிதான். வெளியூர்க்காரனாக இருந்தால் தப்புப் பண்ணிவிட்டு பஸ் ஏறிப் போய்விடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

"ஏலே பாண்டி, என்னடா பேயறஞ்சவன் மாதிரி நிக்கிற?"

"ஒரு நிமிஷம் மாமா. ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்."

"நீ வர்றதுக்கு முன்னாடி நல்லாத்தான ஓடுச்சு. அறுபது மூட்டை கெடக்கு. லாரிக்காரன் வெரசா வெரசாங்கிறான்."

நான்கு தடவை ரீஸ்டார்ட் செய்தேன். சாப்ட்வேர் ஒழுங்காகத் திறந்தது. பெயர்கள் வந்தன, எடை வந்தது. லேபிள் பொத்தானைத் தொட்டால் மட்டும் அதே பெட்டி. கடைசியில் பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுக்கொடுத்தேன். அது ஓடியது. ஆனால் அதில் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். அதைச் சரிசெய்யத்தான் புதுசே வந்தது.

"அப்ப புதுசுன்னு நீ கொண்டாந்தது பழசு தானா?" என்றார் மாமா. தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

2. நோட்டுப் பழக்கம்

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அப்பா படுத்துவிட்டார், தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். பிறகு கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அங்கே ஒரு நாள் ஒரு பெண்ணுக்கு நர்சிங் படிப்பு விண்ணப்பம் அனுப்பினேன். ஐந்து சான்றிதழ் சேர்க்க வேண்டும். நான்குதான் சேர்த்திருக்கிறேன். பத்து நாள் கழித்து அந்தப் பெண் வந்து சொல்லித்தான் தெரிந்தது. திட்டவில்லை. "பரவால்லண்ணே, அடுத்த வருசம் போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்று முதல் எதை அனுப்பினாலும், எதைக் காப்பி பண்ணினாலும், ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் நோட்டில் எழுதிவிடுவேன். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுவதால் ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகும். எழுதி முடித்ததும் எண்ணுவேன். போய்ச் சேர்ந்த இடத்திலும் எண்ணுவேன். வீட்டுக்குப் போன பிறகு, சரியாக எண்ணினேனா என்று யோசிப்பேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பழைய வெர்ஷன் இருக்கிற ஃபோல்டரின் மேலேயே புதுசைப் போட மாட்டேன். பழசும் புதுசும் கலந்துபோகுமே என்று பயம். பழசை வேறு பெயரில் ஒதுக்கிவைத்துவிட்டு, வெறும் ஃபோல்டர் ஒன்று திறந்து அதில்தான் புதுசை வைப்பேன். ஆபீசில் என்னைக் கேலி செய்வதற்கு இது ஒன்று போதும்.

ஆபீஸ் செண்பகனூரில், ஒரு வீட்டின் மாடி. மொத்தம் ஏழு பேர். முதலாளி தேவராஜ் சார். பிரிண்டர், வயர், இன்ஸ்டலேஷன் வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்.

'பில்ட்' என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு நான் புரிந்துகொண்ட மாதிரி சொல்கிறேன். புரோகிராமை எழுதுகிறவர்கள் துண்டு துண்டாக எழுதுவார்கள். அதையெல்லாம் சேர்த்து ஓடுகிற சாப்ட்வேராக ஒரே ஃபோல்டரில் வைத்துத் தருவதுதான் பில்ட். நாம் எழுதாத, வேறு ஆட்கள் செய்த துண்டுகளும் நம் சாப்ட்வேருக்குத் தேவைப்படும். பார்கோடு வரைகிற துண்டு அந்த மாதிரி. டிஎல்எல் என்பார்கள். அவற்றையும் எடுத்து அந்த ஃபோல்டரில் வைப்பது பில்டின் வேலை.

இதைச் செய்ய இரண்டு வழி இருந்தது. புரோகிராம் எழுதுகிற சாப்ட்வேரைத் திறந்து மவுசால் பொத்தானை அழுத்துவது ஒன்று. கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு வரி டைப் அடிப்பது இன்னொன்று. அதற்குக் கமாண்ட் லைன் என்று பெயர். நாங்கள் 'கறுப்பு' என்போம். ரொம்ப நாளாக சார்தான் மவுசால் பில்ட் எடுத்துத் தந்துகொண்டிருந்தார். வேலை கூடவே என்னைக் கூப்பிட்டார்.

"பாண்டி, இனிமே கறுப்புல நீயே எடுத்துக்க. ஒரே ஒரு வரிதான். ஏபிசிடி தெரிஞ்சா போதும்."

அந்த வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். இடைவெளி விட வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தேன். ஆபீசில் ஒத்திகையாக ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். ஃபோல்டர் வந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன், நான் பில்ட் எடுத்தேன் என்று. மனைவிக்கு அது என்னவென்று தெரியாது. இருந்தாலும் இரண்டு தடவை சொன்னேன்.

நானே எடுத்து நிஜமாகக் கொண்டுபோன முதல் பில்ட்தான் மேலே சொன்ன காலையில் லேபிள் அடிக்காமல் நின்றது.

3. "உன் கை பட்டா மட்டும்"

சார் நான் எடுத்த ஃபோல்டரைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு லேபிள் அடித்துப் பார்த்தார். அழகாக வந்தது. "இங்க ஓடுதே" என்றார். பிறகு தானே மவுசால் ஒரு பில்ட் எடுத்துக் கொடுத்தார். அதை வில்பட்டிக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் ஓடியது.

"எதையாச்சும் காப்பி பண்ணாம விட்டிருப்ப பாண்டி. கவனமா இரு."

அடுத்த வாரம் கொட்டகையில் தரத்தின் பெயரை மாற்றிக் கேட்டார்கள். மறுபடி புது வெர்ஷன். இந்தத் தடவை கறுப்பில் ஒவ்வொரு எழுத்தாக அடித்து, மூன்று முறை சரிபார்த்து, பிறகுதான் எண்டர் தட்டினேன். ஃபோல்டரை எழுதினேன், எண்ணினேன், கொண்டுபோனேன், அங்கேயும் எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. லேபிள் பொத்தானை அழுத்தினேன். அதே பெட்டி.

மாமா இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. "பாண்டி, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நாங்க கையாலயே எழுதி ஒட்டிக்கிறோம். கோடு போடுற சோலிய வேற கம்பெனி பாத்துக்கட்டும். ஒங்க சார்ட்ட சொல்லிரு" என்றார்.

சொன்னேன். சார் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எப்படிப்பா, உன் கை பட்டா மட்டும் கெட்டுப்போகுது? என் மெஷின்ல ஓடுது. நான் எடுத்தா அங்கயும் ஓடுது. விடு. இனிமே பில்ட் நானே எடுத்துக்கிறேன், கொண்டுபோறதுக்கும் வேற ஆளைப் பாக்குறேன். நீ பிரிண்டரை மட்டும் பாரு."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் தொட்டது இரண்டு தடவையும் கெட்டிருக்கிறது. அவர் தொட்டது கெடவில்லை. அந்த ஐந்தாவது சான்றிதழ்தான் ஞாபகத்துக்கு வந்தது. நான் பார்க்காத ஏதோ ஒரு இடத்தில் ஏதோ ஒன்றை விட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று நானே நம்பிவிட்டேன். நோட்டைப் பைக்குள் வைத்தேன். இனிமேல் அதற்கு வேலை இல்லை.

4. விளங்காது

குணவதி எங்கள் ஆபீசில் புரோகிராமர். சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீடு அட்டுவம்பட்டியில். தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர்கள் வீட்டில் 'புரிகிறதா' என்பதற்கு 'விளங்குதா' என்பார்கள். எங்கள் பக்கம், உருப்படாமல் போகப்போகிற காரியத்தைப் பார்த்துத்தான் 'வெளங்கிரும்' என்போம். வந்த முதல் வாரம் நான் இழுத்த வயரைப் பார்த்து, "இது எனக்கு விளங்கலையே அண்ணே" என்றது. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சார் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த குணவதி, அவர் சாப்பிடப் போனதும் என் மேசைக்கு வந்தது.

"அண்ணே, ஒங்க நோட்டக் குடுங்க."

"எதுக்கும்மா? தப்பு என்மேலதான்னு நானே ஒத்துக்கிட்டேனே."

"அதுக்கில்ல. படிக்கத்தான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தது. யாரும் அந்த நோட்டை அப்படிப் படித்ததில்லை. கேலி பண்ணுவதற்காகத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"பக்கத்து மேல 'சா'ன்னு சிலதுல போட்டிருக்கீங்க. சிலதுல 'க'ன்னு இருக்கு. என்னா அது?"

"சார் மவுசுல எடுத்துக் குடுத்தா சா. நான் கறுப்புல அடிச்சா க."

அது விரலை வைத்து எண்ண ஆரம்பித்தது. 'சா' போட்ட பக்கங்களில் கடைசியாக இருந்தவை எல்லாவற்றிலும் முப்பத்தெட்டுப் பெயர்கள். 'க' போட்டவை ஒத்திகையையும் சேர்த்து மூன்று பக்கம். மூன்றிலும் முப்பத்தேழு. பிறகு இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே வந்தது. மூன்று பக்கத்திலும் இல்லாத பெயர் ஒன்றுதான். பார்கோடு டிஎல்எல்.

"பாத்தீங்களா. நான்தான் விட்டிருக்கேன்" என்றேன்.

"அண்ணே, மனுசன் விட்டா ஒரு நாளைக்கு ஒண்ணை விடுவான், மறுநாள் வேற ஒண்ணை விடுவான். மூணு தடவையும் அதே ஒண்ண மட்டும் விடுறதுக்கு மெஷினாலதான் முடியும்."

இதைச் சொன்னபோது அதன் முகத்தில் ஆறுதல் சொல்கிற பாவனை கொஞ்சமும் இல்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னது. அதனால்தான் நம்பினேன்.

அப்போதுதான் என் பழக்கத்தில் இருந்த ஓட்டை எனக்கே தெரிந்தது. நான் எண்ணியதெல்லாம் கிளம்பினது அத்தனையும் போய்ச் சேர்ந்ததா என்றுதான். முப்பத்தேழு கிளம்பியது, முப்பத்தேழு சேர்ந்தது. கிளம்பினதே முழுசா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஜன்னலோரத்தில் இருக்கிற பில்ட் மெஷினுக்குப் போனோம். குணவதி மவுசால் பில்ட் எடுத்தது. முப்பத்தெட்டு. ஃபோல்டரைக் காலி பண்ணிவிட்டு என்னை அடிக்கச் சொன்னது. முப்பத்தேழு. மறுபடி காலி பண்ணிவிட்டு, அதே வரியைத் தானே அடித்தது. முப்பத்தேழு.

"இப்ப பாருங்க. என் கையும் ஒங்க கை மாதிரிதான் இருக்கு" என்றது.

எத்தனையோ புரோகிராமர்களைப் பார்த்திருக்கிறேன். என் கையைச் சோதிப்பதற்குத் தன் கையையும் கொண்டுவந்து வைத்த ஆள் குணவதி மட்டும்தான்.

சார் வந்ததும் கூப்பிட்டுக் காட்டியது. சாருக்கு நம்பிக்கை வரவில்லை. புரோகிராம் சாப்ட்வேரில் அந்த டிஎல்எல்லின் செட்டிங்கைத் திறந்தார். 'காப்பி லோக்கல்' என்று ஒரு வரி. இந்த டிஎல்எல்லையும் எடுத்து ஃபோல்டரில் வைக்கவா வேண்டாமா என்பதற்கான செட்டிங் அது. எதிரே 'ட்ரூ' என்று இருந்தது.

"ட்ரூன்னுதான இருக்கு? அப்புறம் எப்படி விடும்?"

"திரையில இருக்கு சார். ஃபைல்ல இருக்கான்னு பாப்போம்."

செட்டிங் எல்லாம் உண்மையில் எழுதிவைக்கப்படுகிற புராஜெக்ட் ஃபைலை நோட்பேடில் திறந்தது. பார்கோடு டிஎல்எல்லின் பெயர் இருந்தது. அதற்கு அடியில் ட்ரூவும் இல்லை, ஃபால்ஸும் இல்லை. ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"அந்த ட்ரூ யாரும் போட்டதில்ல சார். அந்த சாப்ட்வேர் தானா நெனச்சுக்கிட்டுக் காட்டுறது. மவுசுல எடுத்தா, தான் நெனச்சபடி காப்பி பண்ணிருது. கறுப்பு ஃபைல மட்டும்தான் பாக்கும். அதுல ஒண்ணும் எழுதல. இந்த டிஎல்எல்ல நம்ம ஆபீஸ் மெஷின் எல்லாத்துலயும் பொது எடத்துல இன்ஸ்டால் பண்ணி வச்சிருக்கோம். அதனால, 'இதுதான் மெஷின்லயே இருக்கே, தனியா எதுக்கு எடுத்து வைக்கணும்'னு கறுப்பு விட்டுருது. எழுதாதது அதுக்கு விளங்காது."

இந்தத் தடவை அந்தச் சொல் எனக்குச் சரியாக விளங்கியது.

சாரின் மெஷினில் ஏன் ஓடியது என்பதும் விளங்கியது. ஃபோல்டரில் இல்லாவிட்டாலும் அவர் மெஷினின் பொது இடத்தில் அது இருந்தது. வில்பட்டிக் கொட்டகையில் அப்படி எதுவும் இல்லை. லேபிள் அடிக்கும்போதுதான் அந்த டிஎல்எல் தேவைப்படும் என்பதால் அதுவரைக்கும் எல்லாம் நன்றாக ஓடுகிற மாதிரி இருந்திருக்கிறது.

எனக்கு எங்கள் ஊர் பஸ் ஞாபகம் வந்தது. சொல்லலாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னேன்.

"இது எங்க பஸ் மாதிரி இருக்கும்மா. எங்க வளைவுல ஸ்டாப்புன்னு ஒண்ணு கெடையாது. ஆனா தெனமும் வர்ற டிரைவர் எங்களத் தெரியும்கிறதால நிறுத்துவார். அவர் லீவு போட்டா வேற டிரைவர் வருவார். அவர் கையில இருக்கிற சீட்டுல எழுதியிருக்கிற ஸ்டாப்புல மட்டும்தான் நிறுத்துவார். எங்களத் தாண்டிப் போயிருவார். அவர் மேல தப்புச் சொல்ல முடியாது."

குணவதி சாரைப் பார்த்துச் சிரித்தது. "நான் பத்து நிமிஷமா சொன்னத அண்ணன் ஒரு பஸ்ஸுல ஏத்திட்டாரு."

"அப்ப சீட்டுல ஸ்டாப்ப எழுதணும்" என்றார் சார்.

எழுதுகிற விதம்தான் வேடிக்கை. ஏற்கெனவே ட்ரூ என்று காட்டுவதால், மறுபடி ட்ரூ என்று வைக்க முடியாது. குணவதி அதை ஃபால்ஸ் ஆக்கி சேவ் பண்ணியது. பிறகு ட்ரூ ஆக்கி மறுபடி சேவ் பண்ணியது. திரையைப் பார்த்தால் முன்பு இருந்தது அப்படியே இருக்கிறது, ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் நோட்பேடில் பார்த்தால் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது.

"இப்ப அண்ணன் அடிக்கட்டும்" என்றது.

"நானே அடிக்கிறேனே" என்றார் சார்.

"இல்ல சார். அண்ணன்தான் அடிக்கணும்."

சார் எழுந்து நாற்காலியை விட்டார். அடித்தேன். எண்ணினேன். முப்பத்தெட்டு.

5. பயந்தவனால் ஒரு பிரயோசனம்

மறுநாள் காலை வெள்ளனே குணவதியும் பஸ் ஏறி வில்பட்டிக்கு வந்து என்னோடு சேர்ந்துகொண்டது. கொட்டகை வாசலிலேயே மாமா நின்றிருந்தார்.

"ஏலே, இன்னைக்குச் சாட்சிக்கு ஆளோட வந்திருக்கியா?"

பழசை ஒதுக்கி, வெறும் ஃபோல்டரில் புதுசை வைத்தேன். பொத்தானை அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்று குணவதி இப்போதும் சொல்கிறது, எனக்கு ஞாபகமில்லை. பிரிண்டர் சத்தம் கேட்டது.

மாமா லேபிளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோடு வந்திருக்கு. தரத்துப் பேரும் மாறி வந்திருக்கு. இதுக்கா இத்தன பாடு? எவன் பண்ணுன தப்பு?"

நான் வாயைத் திறப்பதற்குள் குணவதி பேசியது. "இவர் தப்பு இல்லைங்கய்யா. ஆபீஸ் பில்டுலயே ஒரு கோளாறு. மத்தவங்க மாதிரி இவரும் பழசு மேலயே புதுசப் போட்டிருந்தா, அந்த விட்டுப்போன ஃபைல் பழசுலருந்து கெடைச்சிருக்கும். லேபிளும் வந்திருக்கும். கோளாறு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஒரு நாள் இந்தக் கம்ப்யூட்டர் போய் வேற வாங்குனீங்கன்னா அன்னைக்கு மொத்தமா நின்னிருக்கும். இவர் பயந்து பயந்து வெறும் ஃபோல்டர்ல போட்டதாலதான் இப்பவே மாட்டுச்சு."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப, இவன் பயந்தாங்கொள்ளியா இருந்ததுல ஒரு பிரயோசனம் இருக்குங்குற."

"ஆமாங்கய்யா."

"இத இவன் வீட்டுல சொன்னா நம்ப மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு லேபிளை மூட்டையில் ஒட்டப் போனார். தரம் பிரிக்கிற பெண்கள் அன்றும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கஷ்டமாக இல்லை.

6. அந்த ஒரு வரி

சார் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அடுத்த வெர்ஷன் தயாரானபோது மேசையைத் தாண்டிப் போகிற போக்கில், "பில்ட் நீதான பாண்டி எடுக்குற?" என்று மட்டும் கேட்டார். இன்று வரை நான்தான் எடுக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திரை 'ஆமாம்' என்று காட்டுகிறதா என்று பார்க்காதீர்கள், எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுபோனது போய்ச் சேர்ந்ததா என்று எண்ணுவதற்கு முன்னால், கொண்டுபோக வேண்டியது எத்தனை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே காரியத்துக்கு இரண்டு வழி இருந்தால், இரண்டையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவன் கை ராசியில்லை என்று தோன்றினால், அதே இடத்தில் உங்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து வேறு ஒரு வேலையாக அந்தப் புராஜெக்ட் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். பார்கோடு டிஎல்எல்லுக்கு அடியில் அந்தப் புது வரி இருந்தது. அதற்கு மேலே, மெஷின் படிக்காத, ஆட்கள் மட்டும் படிக்கிற குறிப்பாகத் தமிழில் ஒரு வரி இருந்தது. 'இந்த வரியை நீக்க வேண்டாம். காரணம் பாண்டி அண்ணன் நோட்டில் இருக்கிறது.'

ஒன்பதாவதோடு நின்றவன் பெயர் புரோகிராமுக்குள் இருக்கிறது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் பயம் பிடித்தது. அந்த நோட்டு தொலைந்துபோனால்?

மறுநாள் காலையில் முதல் வேலையாக நோட்டு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்தேன். நோட்டில் தொண்ணூற்றாறு பக்கம். ஜெராக்ஸில் தொண்ணூற்றாறு பக்கம். சரியாக இருக்கிறது என்று குணவதியின் மேசை டிராயரில் வைக்கப் போனவன், பாதி வழியில் நின்றுவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டேன்.

நாற்பத்தொன்றாம் பக்கம் இரண்டு தடவை இருந்தது. நாற்பத்திரண்டு இல்லை.